‘மரத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’

கடந்த மார்ச் மாதம் ஒரு காலை நேரம், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தார். “மொதலாளி, லயத்துக்கு மேல நிக்கிற ஒம்பது சவுக்கு மரத்தையும் வெட்டி நீங்களே எடுத்துக்குங்க. காசு ஒண்ணும் கேக்கமாட்டோம்னு தொரை சொல்லச் சொன்னாரு” என்றார்.

பக்கத்தில் நின்ற என் மருமகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஐந்தடி, ஆறடி சுற்றளவுள்ள மரங்கள். பலகையாகவும் விறகாகவும் லொறி லொறியாக ஏற்றலாம். நானோ, “வந்து பார்க்கிறேன் தம்பி. ஆனால் மரத்துக்காக நான் வேலை செய்யிறதில்ல. வேலைக்குக் கூலி தந்தால் செய்யிறேன்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். “சும்மா கிடைக்கிற மரத்தை ஏன் மாமா வேண்டாங்கிறீங்க?” என்று அவன் அன்று முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே வாசகர்களுக்கும் சொல்லப்போகிறேன்.

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கடை, ஏற்றுமதி, வங்கிக் கடன் என்று எழுதுவார்கள். மரம் வெட்டுகிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். மலையகத்து நகரங்களில் மரக்காலையும் விறகுக் குத்தகையும் நம்மவர்கள் பலருக்குச் சோறு போட்ட தொழில்கள். இன்றும் போடுகின்றன. ஆனால் அந்தத் தொழில் மாறிவிட்டது. மரத்தை விற்கிற வியாபாரம் ஒருபுறம் சுருங்க, மரத்தைப் பார்த்துப் பராமரிக்கிற வியாபாரம் மறுபுறம் வளர்கிறது. வெளிநாடுகளில் இதைச் செய்பவரை ‘மர சத்திரசிகிச்சையாளர்’ என்றே அழைக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே இது கிளை கழிக்கிற வேலை.

வாப்பாவின் மரக்காலை

லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு வருடத்தில், 1869இல், கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. கோப்பி அழிந்த இடமெல்லாம் தேயிலை வந்தது. ஏற்கெனவே கோப்பிக்காகக் காட்டை வெட்டியாகிவிட்டது. மொட்டை மலையில் காற்றைத் தடுக்கவும், நிழல் தரவும், தேயிலை ஸ்டோரின் அடுப்புக்கு விறகு தரவும் மரம் தேவைப்பட்டது. அதற்காக அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மரங்களில் முக்கியமானது ‘கிரவில்லியா’. நாம் சவுக்கு என்கிறோமே, அதுதான். கடற்கரைச் சவுக்கு வேறு, இது வேறு. வெளியூரிலிருந்து மரம் வாங்க வருகிற சிலர் இதில் குழம்பிப்போவதுண்டு.

ஒரு கிலோ தேயிலைத்தூள் செய்ய நாலரை முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும். அதை வாட்டி உலர்த்த ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு எரியும். மழைக்காலத்தில் ஈர விறகு என்றால் இன்னும் கூடும். ஆகவே எந்தக் காலத்திலும் ஸ்டோருக்கு விறகு போடுகிறவனுக்கு வேலை இருந்தது. வாப்பா அதைத்தான் செய்தார். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போனபோதும் அவருக்கு வேலை குறையவில்லை.

1990ஆம் ஆண்டு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசு நிறுத்தியது. அதன்பிறகு வீட்டுக் கூரைக்கும் கதவுக்கும் தளபாடத்துக்கும் வேண்டிய மரத்துக்கு வியாபாரிகள் தோட்டங்களைத் தேடி வந்தார்கள். அதுவரை விறகாகப் போன சவுக்கு பலகையாகப் போனது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோது, எந்த மலையில் எத்தனை மரம் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்கிற வழக்கமும் வந்தது. நான் வாப்பாவுடன் தொழிலில் இறங்கியது அந்த வருடம்தான்.

அப்போது வழக்கம் இப்படி. தோட்டத்தில் ஆபத்தான மரம் நின்றால் துரை எங்களைக் கூப்பிடுவார். நாங்கள் வெட்டுவோம். கூலி கிடையாது, மரமே கூலி. இரு தரப்புக்கும் லாபம் போலத் தெரியும். தோட்டத்துக்குச் செலவில்லை, நமக்கு முதலில்லை.

இதிலுள்ள கோளாறு எனக்குப் புரியப் பத்து வருடம் சென்றது. மரம்தான் கூலி என்றால், எந்த மரத்தில் காசு இருக்கிறதோ அந்த மரத்திடம்தான் கால் போகும். நேரான, உறுதியான, பாதையோரத்து மரம் முதலில் விழும். உள்ளே பொந்து விழுந்து, லயத்துக் கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கிற மரத்தில் பலகை ஏது? அதை வெட்டப் பாதி நாள் வேண்டும், கிடைப்பது உக்கிய விறகு. ஆகவே “அடுத்த கிழமை வருகிறோம் துரை” என்று அதைக் கடைசிக்கு விடுவோம். சில வேளைகளில் அடுத்த கிழமைக்கு முன்னரே காற்று வந்துவிடும்.

2003ஆம் ஆண்டு மே மாதம்

பெயர் சொல்ல விரும்பாத ஒரு தோட்டத்தில் இதே மாதிரி ஓர் ஒப்பந்தம். தென்மேல் பருவக்காற்று தொடங்குகிற நேரம். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே கூடுதலாக மழை பெய்கிற இடங்கள். அங்கே மே கடைசியில் மழை பிடித்தால் விடாது. மூன்று நாள் மழையில் வேலை நின்றது. லொறியை வாடகைக்குப் பிடித்து வைத்திருந்தேன். பலகை கேட்டவர் கொழும்பிலிருந்து நாளுக்கு இரண்டு தரம் அழைத்தார். நாலாம் நாள் மழை கொஞ்சம் விட்டதும், “ஏறுவோமா அண்ணே?” என்று கேட்டேன். ஏறச் சொன்னேன் என்று எழுதுவதுதான் சரி. நான் கேட்டால் அவர் மறுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அவர் அந்தப் பகுதியில் பேர்போன ஏறுகாரர். சின்ன வயதிலிருந்து முள்முருங்கைக் கிளை கழித்துப் பழகியவர், வெறுங்காலோடு சவுக்கில் நாற்பதடி ஏறுவார். இடுப்பில் ஒரே ஒரு கயிறு. தலையில் ஒரு தொப்பி, அதுவும் மழைக்கு. பாசி பிடித்த ஈரமரம். பெரிய கிளையொன்றை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினார். கிளை பாதி அறுபட்டதும் தன் பாரத்திலேயே முறிந்து, தண்டுப் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு அவர் பக்கமாகத் திரும்பியது. கயிறு அவரைத் தாங்கவில்லை.

உயிர் பிழைத்தார். கண்டி பெரியாஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். இடுப்பு எலும்பு சேர்ந்தது, நடை சேரவில்லை. அதன்பின் அவர் மரம் ஏறவில்லை.

நட்டஈடு யார் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. “அவர் கொந்தரப்புக்காரரின் ஆள்” என்றது தோட்டம். “நாட்கூலிக்கு வந்தவர், என் நிரந்தர ஊழியர் அல்ல” என்று நான் சொன்னேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் சொன்னேன். 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது என்பதைத் தொழில் அலுவலகத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். தொழிலில் பதினொரு வருடம் இருந்த முதலாளி நான். வாப்பா விட்டுப்போன லொறியை விற்று ஒரு தொகை கொடுத்தேன். அது கொடுக்க வேண்டியதை விடக் குறைவு என்பது பின்னர் சட்டம் தெரிந்த ஒருவர் கணக்குப் பார்த்துச் சொன்னபோது விளங்கியது. மீதியைத் தவணையாகக் கொடுத்து முடிக்க நான்கு வருடம் ஆனது.

அந்த மூன்று நாள் மழையையும் லொறி வாடகையையும் கொழும்புத் தொலைபேசியையும் எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். கூலி வேலைக்கு என்று இருந்திருந்தால், மழை நாளில் எனக்கு அவசரம் இருந்திராது. மரம் எனக்குச் சொந்தமாக இருந்ததால்தான் அவசரம்.

ஏறுவதற்கு முன்

இப்போது நாங்கள் ஒரு மரத்தைத் தொடுவதற்கு முன் அரைமணி நேரம் கீழே நின்று பார்க்கிறோம். பழைய ஆட்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள்.

முதலில் குளவி. மலையகச் செய்திகளை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கொழுந்து பறிக்கிற பெண்கள் குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போகாத மாதமே இல்லை. உயர்ந்த மரத்தில் தொங்குகிற கூடு கீழிருந்து இலைக்குள் மறைந்திருக்கும். கயிறு எறிந்து கிளை அசைந்தபின் கண்டுபிடித்துப் பயனில்லை. தூரத்திலிருந்து நாலு பக்கமும் பார்க்க வேண்டும், பூச்சி எந்தக் கிளைக்குப் போய்வருகிறது என்று கவனிக்க வேண்டும். கூடு இருந்தால் அன்று வேலை இல்லை. கூடு எடுக்கத் தெரிந்தவரைப் பொழுதுபட்ட பின் அழைத்து, அது முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் ஏறுவோம்.

பிறகு அடிமரம். வேர் பிடித்த மண்ணில் வெடிப்பு இருக்கிறதா, ஒரு பக்கத்து வேர் மேலெழும்பி இருக்கிறதா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா என்று பார்க்கிறோம். கோடரியின் பின்பக்கத்தால் தண்டைச் சுற்றித் தட்டினால் உறுதியான இடம் ‘டக்’ என்று ஒலிக்கும், பொந்து விழுந்த இடம் பறை போல ஒலிக்கும். பொந்தான மரத்தில் ஆளை ஏற்றக்கூடாது. பக்கத்து மரத்தில் ஏறியோ, தூரத்திலிருந்து கயிறு கட்டி இழுத்தோதான் அதை முடிக்க வேண்டும். உச்சியில் காய்ந்த கிளைகள், இரண்டாகப் பிரிந்து ‘வி’ எழுத்துப் போல நெருக்கமாக நிற்கிற கவடுகள், குருவிச்சை பிடித்துக் கனத்த கொப்புகள், எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். சவுக்குக் கிளை காற்றுக்கு வளைந்து கொடுக்காது, சட்டென்று முறியும். அல்பீசியா இன்னும் மோசம். வளர்கிற வேகத்துக்கு ஏற்ற உறுதி அதற்கு இல்லை. டர்பன்டைன் என்று நாம் சொல்கிற யூகலிப்டஸ், காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளையை விட்டுவிடும்.

கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓரடி விட்டமும் பத்தடி நீளமும் உள்ள பச்சைத் துண்டு ஒன்று ஏறத்தாழ 200 கிலோ இருக்கும். நாலு சீமெந்து மூடை. இதை நினைத்துப் பார்க்காமல் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறவர்களை இன்றும் காண்கிறேன். கயிற்றை வேறொரு மரத்தடியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் அந்தப் பாரத்தை ஒருவர் மெதுவாக இறக்கலாம். வெறுங்கையில் பிடித்தால் கயிறு அவரைத்தான் மேலே தூக்கும்.

அந்த மலையில் அன்று கொழுந்து பறிக்க ஆள் விடாதிருக்கும்படி முதல்நாளே கணக்கப்பிள்ளையிடம் சொல்லி வைப்போம். காலைப் பிரட்டுக்குப் பிறகு சொன்னால் கேட்கமாட்டார்கள், பேர் போட்டாகிவிடும். மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனியும் மழையும் வருகிற காலங்களில் லுஹருக்கு முன் மேல் வேலையை முடித்துவிடுவோம்.

வெட்டு

2003இல் நடந்த தவறு மூன்று வெட்டில் தீரக்கூடியது. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழம் முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாம் வெட்டு. கிளை விழும்போது பட்டை உரிவது அந்த அடிவெட்டோடு நின்றுவிடும். மிஞ்சிய குட்டைத் துண்டை மூன்றாம் வெட்டில் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மனிதனின் நடை செலவானது.

மூன்றாம் வெட்டு எங்கே என்பதில்தான் மரத்தின் ஆயுள் இருக்கிறது. கிளை தண்டோடு சேருமிடத்தில் ஒரு தடித்த மடிப்பு இருக்கும், எங்கள் ஆட்கள் கழுத்து என்பார்கள். கழுத்துக்கு வெளியே, அதைத் தொடாமல் வெட்டினால் மரம் சுற்றிலும் புதுப்பட்டை வளர்த்துப் புண்ணை மூடிக்கொள்ளும். தண்டோடு ஒட்ட வழித்து வெட்டினால் புண் பெரிதாகி உக்கல் உள்ளே இறங்கும். குட்டையாக நீட்டிவிட்டால் அந்தக் குட்டை செத்து, அதன் வழியாக இறங்கும். அமெரிக்க வனச் சேவையில் வேலை செய்த அலெக்ஸ் ஷைகோ (1930–2006) என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை இயந்திர வாளால் நெடுக்காகப் பிளந்து பார்த்து இதை நிரூபித்தார். வெட்டுவாயில் தார் பூசுவதால் உக்கல் நிற்பதில்லை என்பதும் அவர் காட்டியதுதான். எங்கள் வாப்பா காலத்தில் தார் பீப்பாய் இல்லாமல் வேலைக்குப் போனதில்லை. இன்றும் சில துரைமார் தார் பூசாவிட்டால் வேலை முடியவில்லை என்று பில்லில் கையெழுத்துப் போடமாட்டார்கள். விளக்கிப் பார்ப்பேன், கேட்காவிட்டால் பூசிவிட்டு வருவேன்.

முழுமரத்தை விழுத்துவது வேறு கணக்கு. விழ வேண்டிய பக்கத்தில் விட்டத்தில் ஐந்திலொன்று முதல் நாலிலொன்று வரை ஆழத்துக்கு வாய் திறக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் அந்த வாயின் தரையைவிடச் சற்று உயரத்தில் பின்வெட்டு. இரண்டும் சந்திக்கக்கூடாது. நடுவில் விட்டத்தில் பத்திலொரு பங்கு விட வேண்டும். அதுதான் கதவுக் கீல் போல மரத்தைப் பிடித்து, திருப்பிவிட்ட பக்கம் விழச்செய்யும். கீலை அறுத்துவிட்டால் மரம் தன்னிஷ்டத்துக்கு விழும். வெட்டுகிறவர் ஓடவேண்டிய வழியை, பின்பக்கம் சாய்வாக, வெட்டுமுன்னரே செடி ஒதுக்கிச் சுத்தம் செய்திருக்க வேண்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்தில்.

ஏறுகிறவருக்கு இப்போது இரண்டு கட்டு. ஏறுகயிறு ஒன்று, இடுப்புக்கயிறு ஒன்று. வாள் தவறி ஒன்றை அறுத்தாலும் மற்றது தாங்கும். தலைக்கவசம், கண்ணாடி, கையுறை கட்டாயம். சவுக்குத் தூள் உடம்பில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் போட்டு ஒரு கிழமை அரிக்கும். நீளக்கை சட்டை போடச் சொன்னால் இளைஞர்கள் முணுமுணுப்பார்கள், ஒருதரம் அரித்தபின் தாங்களே போட்டுக்கொள்வார்கள்.

தேயிலைக்கும் மரத்துக்கும் உள்ள கணக்கு

கிளை கழிக்கிறவன் தேயிலையைப் பற்றித் தெரியாமல் தோட்டத்தில் பிழைக்க முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை வரட்சி, நிழல் வேண்டும். மே மாதத்துக்குப் பின் மேகமூட்டம், நிழல் மிஞ்சினால் இலையில் ஈரம் காயாமல் கொப்புள நோய் பரவும். 1946இல் இந்த நோய் இலங்கைக்குள் வந்த நாளிலிருந்து துரைமாருக்கு இது தலையிடி. ஆகவே கழிப்பதற்கு ஏற்ற காலம் பருவமழைக்குச் சற்று முன். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைகள் தோட்ட அலுவலகங்களில் இருக்கும். கேட்டு வாசித்துவிட்டுப் போனால் துரை உங்களிடம் பேசுகிற விதமே மாறும். மெல்லிய கொப்பும் இலையும் செடிக்கடியில் பரப்புவதற்கு, தடித்தது ஸ்டோருக்கு. இடைத்தரமான கொப்பை லயத்துக் குடும்பங்கள் அடுப்புக்கு எடுக்கும். அந்தப் பங்கில் கைவைக்கிற கொந்தரப்புக்காரரை அந்த லயத்தில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

தேயிலைக்குள் நிற்கிற மரத்தை ஒரேயடியாக வெட்டவும் கூடாது. பச்சையாக வெட்டினால் வேரில் மாச்சத்து நிறைந்திருக்கும். அதைத் தின்று வளர்கிற பூஞ்சணம் அடிக்கட்டையிலிருந்து பக்கத்துத் தேயிலை வேருக்குப் பரவி, வட்டவட்டமாகச் செடி சாகும். அதற்காகத்தான் வெட்டுவதற்கு ஒரு வருடம், இரண்டு வருடம் முன்பே தண்டைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்து விடுகிறார்கள். மேலிருந்து மாச்சத்து இறங்காது, வேர் தன்னிடமுள்ளதைச் செலவழித்துவிட்டு மெதுவாகச் சாகும். ஆனால் லயத்துக்கு மேலே நிற்கிற மரத்துக்கு இந்த முறையைச் செய்யவே கூடாது. செத்துக் காய்ந்து நிற்கிற மரம் காற்றுக்கு எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் குழப்பிக்கொண்ட ஒரு தோட்டத்தில் கூரைக்கு மேலேயே பட்டை உரித்து வைத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று மண். சரிவில் நிற்கிற மரத்தை வெட்டினால் வேர் உடனே போகாது. சில வருடங்களில் உக்கும்போது பிடிமானம் போகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டியதையும் பார்த்தபின் ‘லயத்துக்கு மேலே உள்ள மரமெல்லாம் வெட்டு’ என்ற பேச்சு கூடியிருக்கிறது. பயம் நியாயமானது. ஆனால் சரிவை மொட்டையாக்குவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அலுவலர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது நல்லது. முழுமரத்தை எடுக்காமல் உச்சிப்பாரத்தைக் குறைத்தாலே காற்றின் பிடி பெருமளவு போய்விடும், வேரும் மண்ணில் நிற்கும்.

சட்ட விஷயத்தில் மரத்துக்கு மரம், இடத்துக்கு இடம் விதி மாறும். 5,000 அடிக்கு மேல் கட்டுப்பாடு அதிகம். நுவரெலியாவில் செய்கிற வேலையை ஹட்டன் வேலை மாதிரி நினைத்துப் போகாதீர்கள். பிரதேச செயலகத்திலும் வனத் திணைக்கள அலுவலகத்திலும் கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகே வாளை எடுக்க வேண்டும். 2019இல் இயந்திர வாள்களைப் பதிவு செய்யச் சொன்னார்கள். என் வாள்களின் பதிவுப் பத்திரம் லொறியிலேயே இருக்கிறது.

விலை எப்படிப் போடுவது

மருமகன் பொறுமையாகக் கேட்டது இந்தப் பகுதியைத்தான்.

என் குழு நாலு பேர். ஏறுகாரருக்கு நாளொன்றுக்கு 6,000 ரூபா, கீழே நிற்கிற மூவருக்கு 3,000 ரூபா வீதம். மொத்தம் 15,000. கூடுதலாகத் தெரிகிறதா? 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. அந்தச் சம்பளத்துக்கு நாற்பதடி உயரத்தில் ஒருவர் உயிரைத் தொங்கவிடுவார் என்று எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இதன்மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். அதாவது 2,250 ரூபா. நாட்கூலிக்கும் இது உண்டு. நான் 2003இல் நினைத்தது போல் ‘நிரந்தர ஆளுக்கு மட்டும்’ என்பதில்லை. பெற்றோல், சங்கிலி எண்ணெய், வாள் தேய்மானம், லொறி, நாளுக்கு 7,000 ரூபா அளவில். கயிற்றுக்கும் காப்புறுதிக்கும் நாளொன்றுக்கு 2,000 ரூபா ஒதுக்குகிறேன். கயிறு நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் காலம் வந்தால் மாற்றிவிட வேண்டும். பழைய கயிறு மாட்டுக்கொட்டிலுக்கு.

ஆக, மழையில்லாத ஒரு நாள் எனக்கு 26,000 ரூபாவுக்கு மேல் செலவு. மழை நாளையும் கணக்கில் சேர்க்காவிட்டால் பழைய அவசரம் திரும்பி வரும். ஆகவே மாதத்தில் ஐந்து நாள் வேலையில்லை என்று வைத்துத்தான் விலை போடுகிறேன். லயத்துக்கு மேலே நிற்கிற அறுபதடி மரமொன்றின் உச்சியைக் குறைத்துக் காய்ந்த கிளைகளை இறக்க அரை நாள் பிடிக்கும். அதற்கு 18,000 ரூபா கேட்பேன். வெளியில் விழுத்தக்கூடிய மரத்துக்கு அதில் பாதி. மரத்தில் எவ்வளவு பலகை இருக்கிறது என்று விலை போடும்போது பார்ப்பதே இல்லை. தோட்டம் மரத்தை விற்க விரும்பினால் அது தனி ஒப்பந்தம், தனி நிறுவை, தனிக் காசோலை. இரண்டையும் ஒரே தாளில் எழுதமாட்டேன்.

இப்படிக் கேட்டதால் இழந்த வாடிக்கை உண்டு. “சும்மா வெட்டித் தருகிறவன் இருக்கும்போது உனக்கு ஏன் காசு?” என்று முகத்துக்கு நேரே கேட்ட இடங்களும் உண்டு. பதிலுக்குப் புது வாடிக்கையும் வந்தது. பள்ளிக்கூடங்கள், கோயில், பள்ளிவாசல் வளவுகள், நுவரெலியாப் பக்கத்து ஹோட்டல்கள், பழைய துரை பங்களாக்கள். இவர்களுக்கு மரம் நிற்கவும் வேண்டும், விழவும் கூடாது. ஹோட்டல்காரருக்குத் தேயிலை மலையைப் பார்க்கிற சன்னலுக்கு முன்னால் எந்தக் கொப்பை எடுக்க வேண்டும் என்பதற்கே ஒரு நாள் கூலி தருவார்கள்.

ஆள் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம். கவ்வாத்துக் கத்தியையும் உயரத்தையும் பழகிய தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் சாமான் அடுக்குகிறார்கள். சிங்கப்பூரில் வீதிமரம் பார்க்கிறவர்களுக்குப் பரீட்சையும் சான்றிதழும் இருக்கின்றன. 1924இல் தொடங்கிய சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் சான்றிதழுக்குப் பல நாடுகளில் மதிப்பு உண்டு. என்னிடம் இரண்டு வருடம் கயிறு பழகிய ஒரு பையன் இப்போது அதற்காக ஆங்கிலம் படிக்கிறான். போய்விடுவான் என்று தெரிந்துதான் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்பது மரங்கள்

கணக்கப்பிள்ளை சொன்ன இடத்துக்கு மருமகனோடு போனேன். ஒன்பதையும் தட்டிப் பார்த்தோம். மூன்று மரங்களின் அடி பறை போல ஒலித்தது, அவை போகத்தான் வேண்டும். நாலு மரங்களுக்கு உச்சியைக் குறைத்தால் போதும். பாதையோரத்து இரண்டும் ஒரு குறையும் இல்லாதவை, லயத்துக்கு எட்டாதவை. பலகைக்கு மிக நல்ல மரங்கள் அந்த இரண்டும்தான். “சும்மா வெட்டச் சொன்னா நான் இது ரெண்டுலதான் மாமா தொடங்கியிருப்பேன்” என்றான் மருமகன்.

கடைசிக் காம்பராவிலிருந்த ஒரு தாய் எங்களைப் பார்த்து வெளியே வந்தார். காற்றடிக்கிற இரவுகளில் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு நாலு காம்பரா தள்ளித் தன் அக்கா வீட்டில் படுப்பதாகச் சொன்னார். மூன்று வருடமாக அப்படித்தானாம். அவர் கூரைக்கு நேர்மேலே நின்றது பொந்து மரங்களில் ஒன்று. விறகுக்குக்கூட உதவாது.

விலையை எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமை பதில் இல்லை. பிறகு சின்னத்துரை அழைத்து, ஏழு மரத்துக்கும் ஒரே தரத்தில் காசு ஒதுக்க முடியாது, பொந்து மரம் மூன்றுக்கும் இப்போது தருகிறோம், மற்ற நாலுக்கு அடுத்த மாதம் என்றார். ஒத்துக்கொண்டேன். மே முதல் கிழமையில் போனோம். கடைசிக் காம்பராவுக்கு மேலே நின்ற மரத்தில் ஆளை ஏற்றவில்லை. பக்கத்து மரத்தில் ஏறிக் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்க ஒன்றரை நாள் பிடித்தது. ஒரு நாளென்று விலை போட்டிருந்தேன், அரைநாள் எனக்கு நட்டம். அடிமரத்தை அறுத்தபோது உள்ளே என் மருமகனின் தோள்வரை கை போனது.

மற்ற நாலு மரங்களுக்கும் நாள் குறித்திருக்கிறோம். அதில் ஒன்றில் குளவிக்கூடு இருக்கிறது. அது எடுத்தான பிறகு, மழை விட்டால்.